சீலாவதி வீட்டுத் தானத்தில் கேட்ட பெயர்

யோகராணியை மெல்பேண் ஸ்பிரிங்வேலில் தெரியாத தமிழர் குறைவு. தெரியும் என்பவர்களும் ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்வார்கள். தமிழ்ச் சங்கத்துக்காரருக்கு அவள் முரளிதரனின் தங்கச்சி. விடியற்காலை ரயிலில் காண்பவர்களுக்கு, மரக்கறித் தொழிற்சாலைக்குப் போகிற மனுசி. முறையாகச் சொல்வதென்றால் நெடுங்கேணிக் கமக்காரன் சின்னத்துரைக்கும் அன்னப்பிள்ளைக்கும் கடைக்குட்டி, முல்லைத்தீவில் சைக்கிள் கடை வைத்திருந்த வரதராஜாவின் பெண்சாதி, சிட்னி நார்த்மீட்டில் தாதியாக இருக்கிற தர்ஷனாவின் தாய். இந்த வரிசையில் பெண்சாதி என்ற இடத்தில்தான் சொல்பவர்கள் எல்லாருக்கும் நாக்குத் தடக்கும்.

யுத்தம் முடிந்த அந்த மே மாதம், சனத்தோடு சனமாகப் பாலத்தைக் கடந்து வந்த இடத்தில், இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வந்து பதிய வேண்டும் என்று இராணுவத்தார் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வரதராஜா இயக்கத்துச் சைக்கிள்களுக்கு ஒட்டுப் போட்டவர். அவ்வளவுதான் அவர் செய்த போராட்டம். ஆனாலும் பயந்த மனுசன். ஒளித்தால் பெரிய குற்றமாகிவிடும் என்று நினைத்தார். "பதிஞ்சுபோட்டு வாறன், பிள்ளையைத் தண்ணிப் பக்கம் விடாத" என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினார். யன்னலோரத்தில் இருந்தார். யோகராணி கண்ணால் கண்டாள். பிறகு அந்த பஸ் எங்கே போனது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

கேட்டுக் கேட்டு அலுத்தவள் அவள். முகாமில் கேட்டாள், அரசாங்கக் கச்சேரியில் கேட்டாள், விசாரணைக்கு என்று வந்து மேசை போட்டவர்கள் எல்லாரிடமும் கேட்டாள். அண்ணன் முரளிதரன் மெல்பேணுக்குக் கூப்பிட்டு எடுத்த பிறகும், தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த பஸ்ஸின் கதையைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல அவளுக்கே வந்துவிட்டது.

நெற்றியில் பொட்டு இருந்தது. ஆனால் கலியாண வீடுகளில் அவளை எங்கே நிறுத்துவது என்று பெண்களுக்குத் தெரியாது. ஆலத்தி எடுக்கக் கூப்பிட்டால் மாப்பிள்ளை பகுதி முகம் சுளிக்கும். கூப்பிடாமல் விட்டால் இவளுக்கு நோகும். அந்தச் சங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்காமல் அவளே போய்க் குசினிப் பக்கம் நிற்பாள். வெங்காயம் உரிக்க ஆள் தேவையில்லை என்று யார் சொல்வார்கள்?

உரிப்பதும் வெட்டுவதும்தான் அவளுடைய பிழைப்பும். தொழிற்சாலையில் குளிரூட்டிய பெரிய மண்டபம். தலைக்கு வலை, கைக்கு உறை, காலுக்கு றப்பர் சப்பாத்து. மேசைக்கு இரண்டு பேராக எதிரெதிரே நின்று பூசணியும் கிழங்கும் வெட்டித் தள்ளவேண்டும். மேற்பார்வை பார்த்தவள் ஒரு வியட்நாம்காரி, நல்ல மனுசி. பதவியாவிலிருந்து சீலாவதி என்றொரு சிங்களப் பெண் புதிதாக வந்து சேர்ந்தபோது, இரண்டு பேரும் ஒரே நாடு, கதைத்துக் கதைத்து வேலை செய்யட்டும் என்று யோகராணியின் மேசையிலேயே கொண்டுவந்து விட்டாள். பெரிய உதவி செய்துவிட்ட முகத்தோடு போனாள்.

இரண்டு பேரும் மாதக்கணக்காகக் கதைக்கவில்லை. பூசணி உருளும், கத்தி இறங்கும், அவ்வளவுதான். சீலாவதி அறுபது தாண்டியவள். கிரான்பர்னில் மகளோடு இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கைத்தொலைபேசியை எடுத்து, சீருடை போட்ட ஒரு பெடியனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தச் சீருடையைக் கண்ட நாளிலிருந்து யோகராணி கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

சீலாவதிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எல்லைப்புறத்துச் சனம், தமிழ் வியாபாரிகளோடு புழங்கிய தமிழ். எந்த ஊர் என்று கேட்டாள். நெடுங்கேணி என்றாள் யோகராணி, நிமிராமல். எதிர்ப்பக்கத்தில் கத்திச் சத்தம் நின்றது. பதவியாவுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் காடு ஒன்றுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நாங்க ராவையில காட்டுக்குள்ள போய்ப் படுக்கிறது" என்றாள் சீலாவதி. "புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு. பாம்பு எல்லாம் இருக்கு. ஆனாலும் போறது."

"ஆருக்குப் பயந்து?"

"உங்களுக்கு."

யோகராணி கத்தியை வைத்தாள். "நாங்களும் அந்தக் காட்டுக்குள்ளதான் படுத்தனாங்கள்."

"யாருக்குப் பயந்து?"

"உங்களுக்குத்தான்."

ஒரே காட்டின் இரண்டு கரையிலும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய், ஒருவர் மூச்சுக்கு ஒருவர் பயந்து கிடந்திருக்கிறார்கள். சீலாவதிக்குச் சிரிப்பு வந்தது. யோகராணிக்கும் வந்தது. சந்தோஷச் சிரிப்பென்று சொல்லமுடியாது. வியட்நாம்காரி தூரத்தில் நின்று பார்த்து, தான் செய்தது சரிதான் என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு நங்கி என்று கூப்பிடத் தொடங்கினாள் சீலாவதி. சிங்களத்தில் அது தங்கச்சி. யோகராணி அக்கா என்றாள். அது இரண்டு பாஷையிலும் ஒன்று.

படத்திலிருந்த பெடியன் சீலாவதியின் ஒரே மகன் பிரியந்த. வயல் வாய்க்காமல், வேறு வேலையும் கிடைக்காமல் பட்டாளத்தில் சேர்ந்தவன். முல்லைத்தீவு இராணுவ முகாம் இயக்கத்திடம் விழுந்த அந்த யூலையில் அங்கே இருந்தான். உடல் வரவில்லை. காணாமற்போனவர் என்று வீட்டுக்கு வந்து சொன்னார்கள். மகன் பிடிபட்டிருப்பான், தலையில் அடிபட்டு நினைவு தப்பி எங்கேயோ ஒரு தமிழ் வீட்டில் மாடு மேய்க்கிறான் என்றுதான் சீலாவதி கால் நூற்றாண்டாக நம்பிக்கொண்டிருந்தாள். அந்த மாடுகளின் நிறம் வரைக்கும் அவள் மனதில் கற்பனை இருந்தது.

யோகராணியும் பஸ்ஸின் கதையைச் சொன்னாள். எத்தனையோ மேசைக்கு முன்னால் சொன்ன அதே கதை. சீலாவதி இடையில் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லி முடிந்த பிறகு, யன்னலோரத்திலா இருந்தார் என்று மட்டும் கேட்டாள். அதை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் சீலாவதி ஒரு யோசனையோடு வந்தாள். பெரிய இடத்தில் கேட்டு ஒன்றும் ஆகவில்லை, சின்ன இடத்தில் கேட்போம் என்றாள். "நீ உன் ஆளுங்ககிட்ட என் மகனைக் கேளு. நான் என் ஆளுங்ககிட்ட உன் மாத்தயாவைக் கேக்கிறது." மாத்தயா என்றால் ஐயா, அவள் பேச்சில் புருஷனும் அதுதான். தன் தமக்கையின் மகன் லலித் அந்தக் கடைசி யுத்தத்தில் அந்தப் பக்கம் பட்டாளத்தில் நின்றவன், இப்போது குருணாகலில் கடை வைத்திருக்கிறான், அவனைக் கேட்பேன் என்றாள்.

யோகராணி கேட்கவேண்டிய ஆள் தவமலர். வரதராஜாவின் சொந்தத் தங்கச்சி, முல்லைத்தீவில் கடற்கரையோரம் குடியிருப்பவள். மச்சாளும் மச்சாளும் நல்ல ஒட்டுத்தான். ஆனால் இதைக் கேட்டதும் தவமலர் தொலைபேசியில் சீறினாள். "என்ர அண்ணனைக் கொண்டுபோனவங்களின்ர ஆளை நான் தேடோணுமோ?" என்றாள். யோகராணி, அந்த மனுசி உன்னுடைய அண்ணனைத் தேடுகிறாள் என்றாள். சரி, பார்க்கிறேன் என்று தவமலர் வைத்துவிட்டாள். முரளிதரனின் காதுக்கு இது எட்டியபோது அவருக்குப் பிடிக்கவில்லை. சங்கத்தில் பொறுப்பிலிருக்கிற மனுசன். உலகமெல்லாம் கேட்டு வராத பதில் பூசணிக்காய் மேசையிலிருந்தா வரப்போகிறது என்றார்.

தவமலருக்கு வாய்தான் கடுப்பு. கரைவலை இழுத்த பழைய ஆட்கள் வீடுவீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். கடைசியில் ஒரு கிழவர் வாய் திறந்தார். முகாம் விழுந்த பிறகு சடலங்களை எடுத்துப் புதைக்கப் பிடித்துக்கொண்டுபோன ஊராட்களில் அவரும் ஒருவர். அந்தப் பக்கத்துக் காவலரண்களில் நின்ற பெடியளில் உயிரோடு பிடிபட்டது ஒருவருமில்லை, எல்லாரையும் பனையடியில் ஒரே கிடங்கில் மூடினோம், அதில் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டிய ஒரு சின்னப் பெடியனும் கிடந்தான், தன்னுடைய மகன் வயது என்பதால் முகம் மறக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். தவமலர் அங்கே போய் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். வெறும் வெளி, இரண்டு பனை, ஒரு கிடாய் ஆடு.

சாப்பாட்டு நேரத்தில் யோகராணி அதைச் சீலாவதிக்குக் காட்டினாள். நூலின் கதையையும் சொன்னாள். பிரியந்தவுக்குப் பன்சலை என்கிற விகாரையில் கட்டிய நூல் அது. தாயே பக்கத்தில் நின்று கட்டுவித்தது. சீலாவதி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள், மறுபடி பெரிதாக்கினாள். அழவில்லை. "நிழல் இருக்கு" என்றாள். "பனை நிழல் கொஞ்சம் இருக்கு." பிறகு உறையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு எழும்பினாள்.

லலித் என்ன சொன்னான் என்று யோகராணி இரண்டொரு தரம் கேட்டாள். போன் எடுக்கிறான் இல்லை என்றாள் சீலாவதி. மூன்றாம் தரம் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள், ஆனால் பூசணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

யூலை மாதம் வந்தது. மகன் இறந்தான் என்று சீலாவதி முதன்முதலாக ஒப்புக்கொண்ட ஆண்டு. பிக்குமாரை வீட்டுக்கு அழைத்துத் தானம் கொடுக்கப்போகிறேன், சமைக்க வா நங்கி என்றாள். கிரான்பர்னில் குளிர் எலும்பைத் துளைக்கிற ஒரு காலை. யோகராணி முதல் பஸ் பிடித்துப் போனாள். பருப்பு, போஞ்சி, பூசணிக்காய்ப் பால்கறி, அவர்கள் மல்லுங் என்கிற, நம்முடைய கீரை வறை. பிக்குமார் மத்தியானம் திரும்பமுன் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்பதால் குசினியில் ஒரே ஓட்டம். எந்தச் சட்டி எந்த அடுப்பில் என்று கட்டளை இட்டதெல்லாம் யோகராணிதான். அந்த வீட்டுப் பெண்கள் அவளை அந்நியமாகப் பார்க்கவில்லை. குசினி அவளுக்குப் பழகிய இடம். இங்கே அவள் ஒதுங்கி வந்து நிற்கவும் இல்லை.

சாப்பாடு முடிந்து, புண்ணியம் கொடுக்கும் நேரம் வந்தது. அது அவர்களுடைய வழக்கம். பாய் விரித்து, நடுவில் ஒரு தட்டம், தட்டத்துக்குள் ஒரு கோப்பை. வீட்டார் எல்லாரும் சேர்ந்து ஒரு கெண்டியைப் பிடித்துத் தண்ணீர் வார்க்க வேண்டும். பிக்கு ஓத ஓதக் கோப்பை நிரம்பி வழியும். செய்த தானத்தின் புண்ணியம் அப்படியே வழிந்து, செத்துப்போன உறவுக்காரருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. சீலாவதி கெண்டியைப் பிடித்தாள், மகள் தாயின் கையைப் பிடித்தாள். பிறகு சீலாவதி திரும்பி, குசினி வாசலில் சேலைத் தலைப்பால் கை துடைத்துக்கொண்டு நின்ற யோகராணியைக் கண்ணால் கூப்பிட்டாள். யோகராணி போய் முழந்தாளிட்டு இருந்து கெண்டியில் கை வைத்தாள். மகனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் என்ற மரியாதைக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள்.

பெரிய பிக்கு, அவர்கள் பேச்சில் ஆமத்துறு, ஓதத் தொடங்கினார். தண்ணீர் மெல்லிய நூலாக இறங்கியது. உறவினருக்கு, உறவினருக்கு என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு பெயர்கள். சீலாவதியின் தாய் தகப்பன். புருஷன். மகன் பிரியந்த. அதற்குப் பிறகு, அதே குரலில், கொஞ்சமும் ஏற்ற இறக்கம் இல்லாமல், வரதராஜா மாத்தயா என்றார்.

சுற்றியிருந்தவர்கள் சாது சாது என்று ஆமோதித்தார்கள்.

வேறு வரதராஜா இல்லை என்பது யோகராணிக்குத் தெரியும். செத்தவர்களின் வரிசையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள், அதுவும் அவளுடைய கையாலேயே தண்ணீர் வார்ப்பித்து. லலித் ஏதோ சொல்லிவிட்டான், இவளுக்குத் தெரியும், எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று மனம் ஓடியது. கையை இழுக்கத்தான் நினைத்தாள். இழுத்தால் கெண்டி சரியும், தண்ணீர் பாயில் கொட்டும், கால் நூற்றாண்டு மாட்டுக்காரனாக வைத்திருந்த மகனை இன்றைக்குத்தான் வழியனுப்ப வந்த தாயின் காரியம் கெட்டுப்போகும். பக்கத்தில் சீலாவதியின் தோள் இவளுடைய தோளில் முட்டியது. யோகராணி கையை எடுக்கவில்லை. கோப்பை நிரம்பி வழிந்து தட்டமும் நிறையும் வரைக்கும் வைத்திருந்தாள்.

பிறகு எழும்பிப் போய்ச் சட்டிகளைக் கழுவினாள். எல்லாவற்றையும் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். சோற்றுப் பார்சலைக் கொடுத்தார்கள், வாங்கினாள். போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சீலாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் மேற்சட்டையும் கழற்றாமல் கட்டிலில் சரிந்தாள். கண் விழித்தபோது பின்னேரம் போய் மைம்மல் இருட்டாகிவிட்டது. அப்படி ஒரு நித்திரை, பஸ் கண்ட நாளுக்குப் பிறகு அவள் கொண்டதில்லை. பசித்தது. பார்சலை அவிழ்த்து முழுவதையும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்த பிறகுதான், என்ன சோறு இது, என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று வெட்கம் வந்து பிடித்தது.

திங்கட்கிழமை வேலையில், முதுகு நோகிறது, வேறு மேசைக்கு மாற்றிவிடு என்று வியட்நாம்காரியிடம் கேட்டாள். பொதி ஒட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள். சீலாவதி தூரத்திலிருந்து பார்ப்பதும், இவள் பாராததுபோல நிற்பதுமாக நாள் போனது. தொலைபேசியையும் எடுக்கவில்லை. மகளுக்கு மட்டும் சொன்னாள். தர்ஷனா கேட்டுவிட்டு, அது ஒரு பிரார்த்தனைதானே அம்மா, அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று இங்கிலிஷில் சொன்னாள். பிறகு, அப்பா வருவார் என்று நான் பள்ளிக்கூடக் காலத்திலேயே நினைக்கிறதை விட்டுவிட்டேன், உங்களுக்கு நோகும் என்றுதான் சொல்லவில்லை என்றாள். அதையும் இங்கிலிஷில்தான் சொன்னாள். தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லைப் போலும்.

கதை அங்கே இங்கே போய் முரளிதரனிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தார்.

"அங்க ஆமி சொல்லாததை இங்க ஆமத்துறு சொல்லிப்போட்டார், என்ன?" என்றார். "நீயும் கூட இருந்து தண்ணி ஊத்தினனியாம்."

"ஓம். ஊத்தினனான்."

முரளிதரன் கெட்ட மனுசன் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் நகர மண்டபத்துக்கு முன்னால் வரதராஜாவின் படத்தைப் பிடித்துக்கொண்டு, மழையோ குளிரோ, எங்கே என்று கேட்டு நிற்பவர் அவர்தான். மைத்துனர் என்ற முறைக்கு அதையாவது செய்யவேண்டும் என்று நினைப்பவர். இனி அந்தப் படத்தை என்ன செய்வது என்று கேட்டார். செத்துப்போனார் என்று வீட்டிலேயே முடித்துவிட்டால் யாரிடம் போய் எங்கே என்று கேட்பது, அவர்களுக்கு அது நல்ல வசதியாகப் போய்விடாதா என்றார். அவர் போன பிறகு யோகராணி தேத்தண்ணியை எடுத்துத் தொட்டிக்குள் ஊற்றினாள்.

அடுத்த சனிக்கிழமை, மழையில், சீலாவதி தானாகவே வந்து கதவைத் தட்டினாள். கிரான்பர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டுக் கதிரையின் நுனியில் இருந்தாள். யோகராணி ஒரு துவாயைக் கொடுத்தாள். தலையைத் துவட்டும் வரைக்கும் பொறுத்தாள். பிறகு நின்றபடியே கேட்டாள்.

"லலித் போன் எடுத்தவனோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ அக்கா."

சீலாவதி துவாயை மடித்தாள். "எடுத்தது."

"எப்ப?"

"நீ படம் காட்டினது. அதுக்கு முந்தி."

"என்ன சொன்னவன்?"

"நான் பேரு சொன்னது, பஸ் சொன்னது, அந்த நாள் சொன்னது. அவன் கேட்டுக்கிட்டு இருந்தது. பிறகு சொன்னது, புஞ்சி அம்மே, இது கேக்க வேணாம்." புஞ்சி அம்மே என்றால் சின்னம்மா.

"வேற?"

"வேற இல்ல நங்கி. கேக்க வேணாம், கேக்க வேணாம் எண்டு சொல்லிச் சொல்லி அழுதது."

"ஆர் அழுதது?"

"லலித். சின்னப் புள்ளை மாதிரி."

யோகராணி இருந்தாள். கதிரை எட்டவில்லை, கட்டிலின் ஓரத்தில்தான் இருந்தாள். மேசை போட்டவர்கள் எத்தனை பேர், வெள்ளைச் சட்டைக்காரர் எத்தனை பேர், ஒருவரும் அந்தக் கதையைக் கேட்டு அழுததில்லை. அழுதவன் ஒருவன் இருக்கிறான். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இதை ஏன் எனக்கு ஒளிச்சனீங்கள்?"

"நீ எனக்கு இடம் காட்டினது. நிழல் கூடக் காட்டினது. நான் உனக்கு என்ன குடுக்கிறது, கேக்க வேணாம் எண்டா? எனக்கு வெக்கம்." சீலாவதி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் மகன் சாப்பிடுற நாள். உன் மாத்தயா வாசல்ல பசியோட நிண்டுகிட்டுப் பார்த்தா? அதனால பேரு சொல்லச் சொன்னது. ஒருத்தனுக்குப் போட்டு ஒருத்தனுக்குப் போடாம எப்பிடி?"

"என்னைக் கேட்டிருக்கோணும்."

"ஓம். பிழை."

"அவரைச் செத்தவர் எண்டு சொல்லுறதெண்டால் அதை நான் சொல்லோணும். நீங்கள் இல்லை, ஆமத்துறு இல்லை, அண்ணையும் இல்லை."

"ஓம்" என்றாள் சீலாவதி மறுபடியும். வேறு சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யோகராணி அன்றைக்கு அவளை அனுப்பியிருப்பாள்.

மழை யன்னலில் அடித்தது. யோகராணி எழும்பித் தண்ணீர் கொதிக்க வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி, "அண்டைக்கு வீட்டை வந்து நித்திரை கொண்டனான் அக்கா. செத்த மாதிரி" என்றாள். "அதுதான் எனக்கு உங்களில கோவம்."

"நானும் தூங்கினது" என்றாள் சீலாவதி.

தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு யோகராணி தன்பாட்டில் சொல்லத் தொடங்கினாள். சைவச் சனத்துக்குத் திவசம் செய்யத் திதி வேண்டும். செத்த நாள் தெரியாதவருக்கு வீட்டைவிட்டுப் போன நாளை வைக்கலாம் என்று கோயில் ஐயர் எப்போதோ சொன்னார். ஆனால் அந்த நாளை அவளால் வைக்க முடியாது. அன்றைக்கு அவர் உயிரோடு பஸ்ஸில் ஏறினார், யன்னலோரத்தில் இருந்தார், அவளைத் திரும்பிப் பார்த்தார். கண்ணால் உயிரோடு கண்ட நாளைச் செத்த நாள் என்று எப்படிச் சொல்வது?

"வேற நாள் என்னட்டை இல்லை" என்றாள். "அவருக்கு முதன்முதல் தண்ணி வார்த்த நாள் ஒண்டுதான் இருக்கு. என்ர கையால வார்த்த நாள். அதையே வைப்பம்."

"என் மகன்ர நாளிலயா?"

"ஓம். உங்கட மகன்ர நாளிலதான்."

உன் ஆட்கள் ஏசமாட்டார்களா என்று சீலாவதி கேட்டாள். ஏசுவார்கள் என்றாள் யோகராணி. உங்கள் ஆட்கள்? அவர்களும்தான் என்றாள் சீலாவதி.

முரளிதரன் ஏசத்தான் செய்தார். ஒரு பட்டாளத்துக்காரனின் நாளிலா என் மைத்துனருக்குத் திவசம் என்று குரல் உயர்த்தினார். யோகராணி மறுத்துக் கதைக்கவில்லை. படத்தை மட்டும் விடவேண்டாம் என்றாள். "செத்தவரையும் கேக்கலாம் அண்ணை. எங்க வைச்சிருக்கிறியள் எண்டு கேளுங்கோ. அக்கான்ர மகனை நாங்கள் காட்டினனாங்கள்தானே. அவங்களும் காட்டட்டும்." வரும் மே மாதம் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று முரளிதரன் போகும்போது வாசலில் நின்று யோசித்தார்.

எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, தவமலருக்குத்தான் சொல்லவில்லை. கூடப் பிறந்தவள். அவளுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் யோகராணிக்கு முதன்முதலாகக் குரல் உடைந்தது. லலித் அழுததைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், நாளைச் சொன்னாள். தவமலர் அங்கே அழுகிற சத்தம் கேட்டது, கடல் இரைகிற சத்தமும் கேட்டது. பிறகு மூக்கைச் சீறிக்கொண்டு, எட்டுச்செலவுக்கு அண்ணனுக்கு என்ன சமைத்தாய் என்றாள். செத்து எட்டாம் நாள் அந்த ஆளுக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பது நம்முடைய வழக்கம்.

எட்டு எப்போதோ கழிந்துவிட்டது, ஒன்றும் சமைக்கவில்லை என்றாள் யோகராணி.

"கழிஞ்சால் என்ன, இத்தனை வருசம் கழியேல்லையோ. நாளைக்குச் சமை. அண்ணைக்கு என்ன விருப்பம் எண்டு தெரியும்தானே?"

யோகராணிக்கு நினைவு வரவில்லை. கஞ்சிதான் வந்தது. கடைசி மாதங்களில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த உப்பில்லாக் கஞ்சி. அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வருவார் வருவார் என்று இருந்தவள், வந்தால் என்ன கொடுப்பது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"கணவாய் மச்சாள்" என்றாள் தவமலர். "நல்லாப் பிரட்டிச் சமைக்கோணும். குழம்பா வைச்சால் தொடமாட்டார்."

ஓம் என்றாள் யோகராணி. தொலைபேசியை வைத்துவிட்டு மேற்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடை பூட்டமுன் ஸ்பிரிங்வேல் மீன் சந்தைக்கு இறங்கினாள்.